எதைப் பழக்கினால் எது வரும்?

குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்கான சிகிச்சை) நடக்கும் அறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். விட்டத்திலிருந்து தொங்கும் ஊஞ்சல், குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து உருட்டும் பெரிய ரப்பர் பந்து, பந்துகள் நிரப்பிய தொட்டி, கையில் தேய்க்க மென்மையான ஒரு பிரஷ், பலகைத் துளைகளில் செருகக் குச்சிகள், பிசைய வண்ண மாவு. வெளியே காத்திருக்கும் பெற்றோரிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் வேறு திசையிலிருந்து வரும்: சட்டைப் பட்டனைத் தானே போட வேண்டும், சிந்தாமல் சாப்பிட வேண்டும், கரும்பலகையில் இருப்பதை மணி அடிப்பதற்குள் நோட்டில் எழுதி முடிக்க வேண்டும், கழிப்பறைக்குப் போனால் தானே கழுவிக்கொண்டு வர வேண்டும். ஊஞ்சலில் ஆடுவது எந்த வழியாகப் பட்டனில் போய்ச் சேர்கிறது? அப்படி ஒரு வழி இருப்பதற்குச் சான்று மிகக் குறைவு. பட்டன் போட வராத குழந்தைக்குப் பட்டன் போடத்தான் கற்றுத்தர வேண்டும். பட்டனுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதாக நாம் கருதும் ஏதோ ஒரு குறையைத் தேடிப் புறப்பட்டால், பல நேரங்களில் குறையும் தீர்வதில்லை, பட்டனும் வருவதில்லை. சொல்லிப் பார்த்தால் இது யாருக்கும் தெரிந்த விஷயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் துறை இங்கே வந்துசேர அரை நூற்றாண்டு பிடித்தது. பல அறைகள் இன்னும் வந்துசேரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், துறை தொடங்கிய இடமே இதுதான். 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் கூடிய சிலர் இதற்கான முதல் அமெரிக்கச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். அவர்களில் ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர், அவரே நோயாளியாக நெடுநாள் கிடந்தவர். எலினார் கிளார்க் ஸ்லேகிள் சமூகப் பணியாளர். அவர்களோடு நெருங்கிப் பழகிய மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர் 1922இல் எழுதிய கட்டுரையும் அன்றாட வேலை, ஓய்வு, விளையாட்டு, உறக்கம் ஆகியவற்றின் ஒழுங்கில்தான் நலம் இருக்கிறது என்றது. இந்தியாவில் கமலா நிம்ப்கர் 1950இல் மும்பையில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோதும் அடிப்படை எண்ணம் இதுவே. இதற்குள் அமெரிக்காவில் ஒரு திருப்பம் நேர்ந்திருந்தது. மருத்துவமனைக்குள் மதிப்புப் பெற வேண்டுமானால் மருத்துவத்தின் மொழியில் பேச வேண்டும். தசை எது, நரம்பு எது, குறை எங்கே என்று சொல்ல வேண்டும். பட்டன் போடச் சொல்லித்தருவது அம்மாவும் செய்யக்கூடிய காரியமாகத் தோன்றியது. அதன் அடியில் இருக்கும் நரம்புக் குறையைச் சரிசெய்வது விஞ்ஞானமாகத் தோன்றியது.

இந்தத் திருப்பத்தின் மிகக் கூர்மையான மூளை ஏ. ஜீன் ஏயர்ஸ். கலிஃபோர்னியாவில் பணியாற்றிய அவர் 1972இல் வெளியிட்ட நூலில் புலன் ஒருங்கிணைப்பு என்ற கோட்பாட்டை முழுமையாக முன்வைத்தார். தொடுகை, உடலின் சமநிலை, மூட்டுகளிலிருந்தும் தசைகளிலிருந்தும் வரும் உணர்வு ஆகியவற்றை மூளை ஒழுங்காகத் தொகுத்துக்கொள்ளாவிட்டால் படிப்பும் நடத்தையும் தடுமாறும். ஆட்டம், அழுத்தம், தொடுகை ஆகியவற்றைத் தக்கபடி கொடுத்தால் அந்தத் தொகுப்பு சீராகும். சீரானால் மேலே உள்ள திறன்கள் தாமாகவே வரும் என்றார். அவரைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. சோம்பேறி, அடங்காதவன் என்று திட்டு வாங்கிய பிள்ளைகளின் நடத்தைக்கு உடல்சார்ந்த காரணம் இருக்கலாம் என்று எடுத்துச் சொன்னவர் அவர். ஆனால் 'தாமாகவே வரும்' என்ற அந்தக் கடைசிப் படி சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகம். அதை நிறுவப்பட்ட உண்மையாக எடுத்துக்கொண்டு ஒரு தலைமுறையே வேலை செய்தது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு லண்டனில் போபாத் தம்பதியர் வகுத்த கைமுறையும் ஏறக்குறைய இதே நம்பிக்கையில் நின்றது: சிகிச்சையாளரின் கைகள் இயல்பான அசைவை ஊட்டினால், இயல்பான செயல் பின்தொடரும்.

அடியில் இருப்பதைச் சரிசெய்தால் மேலே இருப்பது வரும் என்ற படத்துக்கு எதிரான அழகான சான்று, சிகிச்சை உலகுக்கு வெளியிலிருந்து வந்தது. பிறந்த குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பாதம் தரையில் படவைத்தால் அது நடப்பதுபோல் கால்களை மாற்றி மாற்றி வைக்கும். இரண்டு மாதத்தில் அது நின்றுபோகும். மூளையின் மேற்பகுதி முதிர்ந்து, இந்த அனிச்சைச் செயலை அடக்கிவிடுகிறது என்று பாடநூல்கள் விளக்கின. எஸ்தர் தெலன் என்ற உளவியலாளருக்கு ஒரு சந்தேகம். நிமிர்த்தினால் காலை அசைக்காத அதே குழந்தை, மல்லாக்கப் போட்டால் அதே தாளத்தில் உதைக்கிறதே? 1984இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், அடியெடுத்து வைக்கும் குழந்தைகளின் காலில் சிறிய எடையைக் கட்டினார்கள், அடிகள் குறைந்தன. மார்பளவு நீரில் இறக்கினார்கள், அடிகள் கூடின. முதல் சில வாரங்களில் குழந்தையின் காலில் கொழுப்பு ஏறும் வேகத்துக்குத் தசையின் பலம் ஏறுவதில்லை. அவ்வளவுதான். மூளை எதையும் அடக்கவில்லை, கால் கனத்துவிட்டது. ஓர் அசைவு என்பது உடல், செய்யும் காரியம், சுற்றியிருக்கும் இடம் மூன்றும் அந்த நேரத்தில் கூடி உண்டாக்குவது. நீருக்குள் 'திறன் உள்ள' குழந்தை, நீருக்கு வெளியே 'திறன் இல்லாத' குழந்தை. இரண்டும் ஒரே குழந்தை, ஒரே மூளை.

கையெழுத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பள்ளிக் குழந்தைகளை சிகிச்சையாளரிடம் அழைத்துவரும் காரணங்களில் கோழிக்கிறுக்கலுக்கு முக்கியமான இடம் உண்டு. உடனே விரல் பலத்துக்கு மாவு பிசைதல், கண்-கை ஒத்திசைவுக்கு மணி கோத்தல், தொடுகைக்கு மணலில் அளைதல் என்று வரிசையாகத் தொடங்கும். 2006இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், கையெழுத்தில் பின்தங்கிய 38 குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 5 வாரம், வாரம் 4 முறை, இந்த வகைப் புலன்-அசைவுப் பயிற்சிகள்; இரண்டாம் பிரிவுக்கு அதே அளவு நேரம் முறையான எழுத்துப் பயிற்சி; மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. எழுதிப் பழகியவர்களின் எழுத்து ஓரளவு முன்னேறியது. பிசைந்தும் கோத்தும் பழகியவர்கள் அந்தத் திறன்கள் சிலவற்றில் முன்னேறினார்கள், எழுத்து மட்டும் சற்றுக் கீழே போனது! 2011இல் கனடாவில் இத்தகைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் கதை மாறவில்லை. எழுதும் பயிற்சியே இல்லாத சிகிச்சைகள் பயன் தரவில்லை. எழுதும் பயிற்சி இருந்தும் 20 அமர்வுக்குக் குறைந்தவையும் பயன் தரவில்லை. பென்சில் பிடிக்கும் விதம் பற்றிய பதற்றத்துக்கும் ஆதாரம் மெலிது. நான்காம் வகுப்புக் குழந்தைகள் 120 பேரை ஆராய்ந்தபோது, முதிர்ந்த பிடிகளாக அறியப்பட்ட நான்கு வகைகளுக்கிடையே தெளிவிலோ வேகத்திலோ வேறுபாடு தெரியவில்லை. 'பென்சிலை ஒழுங்காப் பிடி' என்று ஒரு நாளைக்குப் பத்து முறை குட்டு வாங்கும் பிள்ளைகளுக்காக இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாமல், பொருள்களைத் தட்டிவிட்டுக்கொண்டும் தடுக்கி விழுந்துகொண்டும் இருக்கும் பிள்ளைகள் 5 முதல் 6 சதவீதம் வரை இருக்கிறார்கள். இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று மருத்துவம் இதைக் குறிக்கிறது. இவர்களுக்காகக் கனடாவில் ஹெலீன் பொலடைகோவும் ஏஞ்சலா மாண்டிக்கும் வகுத்த முறையில் ஊஞ்சலே கிடையாது. தான் கற்க விரும்பும் காரியங்களைக் குழந்தையே சொல்கிறது. அதை எப்படிச் செய்யலாம் என்று யோசித்து, செய்து, எங்கே பிசகியது என்று பார்த்து, வேறு விதமாக மறுபடி செய்கிறது. சிகிச்சையாளர் விடையைச் சொல்லிவிடாமல் கேள்வி கேட்டு நடத்துகிறார். செயலையே மையமாகக் கொண்ட இத்தகைய முறைகளுக்குப் பலன் அதிகம், அடிப்படைக் குறையைக் குறிவைக்கும் முறைகளுக்குப் பலன் மிகக் குறைவு என்று 2013இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது.

மூளை முடக்குவாதத்தில் சான்று இன்னும் கனமானது. ஒரு பக்கக் கை மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தை, பெரும்பாலும் அந்தக் கையை ஒதுக்கிவிட்டு நல்ல கையாலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளும். நல்ல கைக்கு உறையோ கட்டோ போட்டுவிட்டு, தயங்கும் கையை நாள்தோறும் மணிக்கணக்கில் வேலை செய்யவைப்பது எட்வர்ட் டாப் என்பவரின் ஆய்விலிருந்து பிறந்த முறை. பலன் கிடைத்தது. கட்டிவைத்ததுதான் மந்திரம் என்று முதலில் எண்ணினார்கள். பிறகு, கட்டாமலே இரு கைகளும் சேர்ந்து செய்தாக வேண்டிய காரியங்களை அதே அளவு நேரம் பழக்கிப் பார்த்தபோது ஏறக்குறைய அதே பலன் வந்தது. பலன் கட்டில் இல்லை, பழகிய மணிநேரத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஐயோனா நோவாக் குழுவினர் 2013இல் 64 சிகிச்சை முறைகளைப் போக்குவரத்து விளக்குபோல் நிறம் பிரித்தார்கள். இரு கைப் பயிற்சி, குறிக்கோளை நோக்கிய பயிற்சி, வீட்டுப் பயிற்சித் திட்டம் ஆகியவற்றுக்குப் பச்சை. போபாத் முறைக்கும் இந்தக் குழந்தைகளுக்கான புலன் ஒருங்கிணைப்புக்கும் சிவப்பு. பல ஊர்களில் பல பத்தாண்டுகளாகக் கற்பிக்கப்பட்டு வந்ததற்குச் சிவப்பு! எதிர்ப்புக் கிளம்பியதில் வியப்பில்லை. 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டியும் அதே திசையில்தான் போனது: குறிக்கோளைக் குழந்தையும் குடும்பமும் தேர்ந்தெடுக்கட்டும், செயலைத் துண்டு துண்டாக்காமல் முழுமையாகப் பழகட்டும், அது நடக்க வேண்டிய இடத்திலேயே பழகட்டும்.

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று எழும். ஓரளவு கை வரும் குழந்தைக்கு இது சரி. தலை நிற்காத, பேச்சில்லாத, விழுங்கவே சிரமப்படும் குழந்தைக்கு எந்தப் பட்டனைப் பழக்குவது? அப்படிப்பட்ட குழந்தைக்கு அடித்தளத்திலிருந்து தொடங்குவதைத் தவிர வழி ஏது? இதற்கு மேரி லா தலைமையில் நடந்த கனடிய ஆய்வு ஒரு பதில் வைத்திருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள, ஆறு வயது நிரம்பாத 128 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் குழந்தையின் தசையையும் அசைவையும் திறனையும் மாற்ற முயன்றார்கள். மற்றதில் குழந்தையைத் தொடவே இல்லை என்று சொல்லலாம். காரியத்தையும் கருவியையும் இடத்தையும் மட்டுமே மாற்றினார்கள். 6 மாதம் கழித்துப் பார்த்தால் இரு பிரிவும் முன்னேறியிருந்தன, ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை. பொருளை எட்டும் இடத்தில் வைப்பது, கைப்பிடியைத் தடிமனாக்குவது, முதுகுக்கும் பாதத்துக்கும் முட்டுக் கொடுத்து உட்காரவைப்பது எல்லாம் வேறு வழியில்லாதபோது செய்யும் சமரசங்கள் என்ற நினைப்பை இது உடைத்தது. பலவகைக் குறைகள் சேர்ந்த குழந்தைக்கும் இது பொருந்தும். மூலைச் சுவரை ஒட்டியதுபோல் செய்த நாற்காலியில் உட்காரவைத்தால் தலை நிற்கிறது, தலை நின்றால் தம்பியைப் பார்க்கிறது, பார்த்தால் கண்ணாலேயே இதுவா அதுவா என்று தேர்வு செய்கிறது. அங்கே தேர்வு செய்வதுதான் செயல்; அதைப் பழக்கலாம். 'முதலில் கழுத்து நிற்கட்டும், பிறகு பார்ப்போம்' என்று காத்திருந்தால் பிள்ளையின் வயது நிற்காது.

எந்தச் செயல் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதிலும் சங்கடம் உண்டு. பயன்பாட்டில் உள்ள சோதனைகளில் பலவும் மேற்கத்திய வீட்டைக் கண்முன் வைத்து எழுதப்பட்டவை. இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாட்டை வரையறுக்கும் அமெரிக்க மனநலக் கையேடே கத்தரிக்கோல், கரண்டி-முள்கரண்டி, சைக்கிள் என்று உதாரணம் காட்டுகிறது. நம் குழந்தைக்கு வேண்டியது சோற்றையும் குழம்பையும் பிசைந்து, விரல் நுனிகளில் திரட்டி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவது. கரண்டியால் அள்ளுவதைவிட இது நுட்பமான வேலை. மணிக்கட்டு திரும்ப வேண்டும், ஐந்து விரலும் வேறுவேறாகச் சேர வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறையில் ஒரு கையில் குவளையோடு சமநிலை தவறாமல் இருப்பதும் அப்படித்தான். 1991இல் கனடாவில் உருவான ஒரு மதிப்பீட்டு முறை இந்தச் சிக்கலை எளிமையாகத் தீர்க்கிறது. பட்டியலை வைத்துக் கேட்காமல், குடும்பமே தனக்கு முக்கியமான காரியங்களைச் சொல்கிறது. இப்போது எவ்வளவு முடிகிறது, அதில் எவ்வளவு நிறைவு என்று 10க்கு மதிப்பெண் போடுகிறது. சில வாரம் கழித்து மறுபடி போடுகிறது. முன்னேற்றம் இருந்தால் தெரியும், இல்லாவிட்டாலும் தெரியும். இரண்டாவது தெரிவதுதான் சிலருக்குப் பிடிப்பதில்லை.

அடுத்த ஆட்சேபம் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரிடமிருந்து வரும். மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுவதை, சட்டைக் காலர் உரசினால் கழற்றி எறிவதைக் கண்ணால் பார்ப்பவர்களிடம், புலன் கோளாறு என்று ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியுமா? முடியாது, சொல்லவும் கூடாது. அமெரிக்க மனநலக் கையேட்டின் 2013 பதிப்பு, புலன்களின் மிகை உணர்வையும் குறை உணர்வையும் ஆட்டிசத்தின் அறிகுறிகளில் சேர்த்திருக்கிறது. பிரச்சினை உண்மை என்பதாலேயே ஒரு சிகிச்சை பலிக்கும் என்று ஆகாது. இரண்டும் வேறுவேறு கேள்விகள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல், புலன் சிகிச்சைகளுக்கான ஆய்வுகள் போதாதவை, தீர்மானமாக எதுவும் சொல்ல முடியாதவை என்று பெற்றோருக்குத் தெரிவிக்குமாறு தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. கனமான போர்வை போர்த்தினால் நன்றாகத் தூங்குவார்கள் என்பதை இங்கிலாந்தில் சோதித்தார்கள். 2014இல் வந்த முடிவு சுவையானது: குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தப் போர்வை பிடித்திருந்தது, தூக்கம் மட்டும் கூடவில்லை. புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சைக்குச் சாதகமான ஆய்வும் உண்டு. 2014இல் 32 குழந்தைகளை வைத்து நடந்த அமெரிக்கச் சோதனையில், சிகிச்சை பெற்றவர்கள் தமக்கென வகுத்த குறிக்கோள்களை அதிகம் எட்டினார்கள். ஆனால் 2022இல் வெளியான பிரிட்டிஷ் சோதனை இதைவிடப் பெரியது: 138 குழந்தைகள், 26 அமர்வுகள். எரிச்சலும் கொந்தளிப்பும் வழக்கமான கவனிப்பைவிடக் குறைந்ததாகத் தெரியவில்லை. சிகிச்சைப் பிரிவில் பெற்றோர் வகுத்த தனித்தனிக் குறிக்கோள்களில் மட்டும் முன்னேற்றம் இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இது: குறிக்கோளை வைத்து அதை நோக்கி வேலை செய்த இடத்தில் பலன் தெரிகிறது, மூளையின் தொகுப்பு சீரானால் எல்லாம் சீராகும் என்ற இடத்தில் தெரியவில்லை. காலர் உரசும் பிள்ளைக்குக் காலரில்லாத பனியன் துணிச் சட்டையை வாங்கித்தரலாம், மிக்ஸி போடும்முன் சொல்லிவிட்டுப் போடலாம். பிரஷ்ஷால் தேய்த்து அவன் தோலின் குணத்தை மாற்ற முயல்வதைவிட இது மலிவு, மரியாதையும்கூட. ஊஞ்சல் கெட்டது என்று சொல்லவில்லை. குழந்தைக்குப் பிடித்தால் ஆடட்டும். ஊஞ்சலாடுவதற்குக் குழந்தைக்கு மருத்துவக் காரணம் தேவையில்லை.

மிகக் கடினமான ஆட்சேபத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் செயலாக்கி, வீட்டிலேயே பழக்கச் சொன்னால், அந்த வேலை யார் தலையில் விழும்? அம்மா தலையில்தான். மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் கைப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், ஒரு குறிக்கோளை எட்ட 14 முதல் 25 மணிநேரப் பயிற்சியாவது வேண்டும் என்று கணக்கிட்டார்கள். வாரம் இரண்டு முறை முக்கால் மணிநேரம் என்ற வழக்கமான ஏற்பாட்டில், ஒரு நிமிடம் சிதறாமல் அதையே பழக்கினாலும், 14 மணியை எட்டவே ஒன்பது வாரத்துக்கு மேல் ஆகும். பாதி நேரம் ஊஞ்சலுக்குப் போனால் இரட்டிப்பாகும். நோவாக் 2009இல் வெளியிட்ட சோதனையில், சிகிச்சையாளரின் வழிகாட்டுதலோடு வீட்டில் பழகிய குழந்தைகள் 8 வாரத்தில் தெளிவாக முன்னேறினார்கள். அந்தக் குடும்பங்கள் சராசரியாக மாதம் 17.5 முறை, ஒவ்வொரு முறையும் 16.5 நிமிடம் செலவிட்டன. மாதத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணிநேரம். குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் உடுத்தும்போதும் கலந்துவிட்டால் இது தாங்கக்கூடிய அளவுதான். ஆனால் பள்ளிக்குக் கிளம்பும் காலை அவசரத்தில் ஒரு பட்டனுக்கு ஏழு நிமிடம் காத்திருப்பது எந்த வீட்டிலும் எளிதல்ல, கூலி வேலைக்குப் போகும் வீட்டில் சொல்லவே வேண்டாம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் செய்வதுபோல், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே போய், பின்னணியில் நிபுணர்கள் துணையிருக்கும் ஏற்பாடு இந்தச் சுமையைக் கொஞ்சம் இறக்கும். இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுவரையுள்ள குழந்தைகளிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, எட்டுக்கு ஒருவர் என்ற அளவை ஒட்டி ஏதேனும் ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதைக் காட்டியது. இவர்கள் எல்லோரையும் தனி அறையில் தனித்தனியாகப் பார்க்கும் அளவுக்குச் சிகிச்சையாளர்கள் இல்லை.

வீட்டைவிட்டால் குழந்தையின் நேரம் இருப்பது வகுப்பறையில். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஷெரில் மிசியூனாவின் குழு வகுத்து, பின்னர் 40 பள்ளிகளில் நடத்திப் பார்த்த திட்டத்தில், சிகிச்சையாளர் குழந்தையை அறைக்கு அழைப்பதில்லை. வாரம் ஒரு நாள் பள்ளிக்கே போய் ஆசிரியரோடு வகுப்பில் நிற்கிறார். மருத்துவரின் சீட்டு வேண்டாம், நோயின் பெயர் வேண்டாம், காத்திருப்போர் பட்டியல் வேண்டாம். முதலில் வகுப்பு முழுவதற்கும் உதவும் மாற்றம். அதற்குப் பிறகும் தடுமாறுபவர்களுக்கு வேறு வழி. அதிலும் முடியாதவர்களுக்குத் தனி ஏற்பாடு. நம் வகுப்பறைக்கு இதைக் கொண்டுவந்தால் முதல் படியிலேயே செய்ய நிறைய இருக்கிறது. பெஞ்சு உயரமாகி ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கால் அந்தரத்தில் தொங்கினால், பாதத்துக்கு அடியில் ஒரு மணைப்பலகை போதும். நான்கு கோட்டு நோட்டின் இடைவெளியைக் கூட்டலாம். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதன் அளவைப் பாதியாக்கலாம். இவ்வளவும் செய்த பிறகு எத்தனை பிள்ளைகள் மிஞ்சுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அவர்களுக்கு எத்தனை சிகிச்சையாளர்கள் வேண்டும் என்று கணக்குப் போடலாம்.